பாடு என்ற பெயரைத் தேடி எண்ணூருக்கு

ராயபுரத்தில் பெட்டியைத் திறந்து சேலைகளை எடுத்து அடுக்கும்போதே கிள்ளானிலிருந்து தொலைபேசியில் திட்டு வந்துவிட்டது. எங்கள் இயக்கத்து அலுவலகத்தின் சாவி என் கைப்பையில் இருந்தது. இருப்பதே ஒரு சாவிதான். "அமுதா, நீங்க ஊருக்குப் போறது சரி. ஆபீசையும் சேர்த்துத் தூக்கிட்டுப் போகணுமா?" என்று பொருளாளர் மாணிக்கம் அண்ணன் கேட்டார். அவர் கேட்டதில் தப்பில்லை. நான் திரும்பும்வரை கூட்டங்களை எதிரே இருக்கும் தேநீர்க் கடையில், தே தாரிக் ஆற்றுகிற சத்தத்துக்கு நடுவே வைத்துக்கொள்வதாகச் சொல்லி இணைப்பைத் துண்டித்தார்.

நகல் சாவி ஒன்று செய்துவைத்தால் என்ன என்று நீங்கள் கேட்கலாம். செய்யக் கூடாது. அது ஏழுமலை அண்ணன் வைத்த விதி.

கிள்ளான் துறைமுகத்தில் வேலை செய்கிறவர்களின் நான்கு சின்னச் சங்கங்கள் ஒன்றாகச் சேர்ந்ததுதான் எங்கள் இயக்கம். கப்பலில் கண்டெய்னர்களை இறுக்கிக் கட்டுகிறவர்கள், லாரி ஓட்டுநர்கள், என்னைப் போன்ற குமாஸ்தாக்கள், ஆற்று முகத்தில் வலை போடும் சிறு மீனவர்கள். சேருவதற்கு முன்னால் யார் பெரியவர் என்று நாற்காலியைத் தூக்கி அடித்துக்கொள்ளாத குறை. ஏழுமலை அண்ணன் எழுந்து, "ஆளுக்கு ஒரு வருஷம் தலைமை. யாரு தலைமையோ அவங்க கையில சாவி. எங்கப்பா ஊர்ல இதுக்குப் பேரு பாடு" என்றார். இயக்கத்துக்கும் அதுவே பெயரானது. சாவிக்கு நகல் கூடாது. மேசையில் வைத்துவிட்டுப் போகக் கூடாது. வருடம் முடிந்தால் கையிலிருந்து கைக்குத்தான் மாற வேண்டும். ஏன் அண்ணே என்று கேட்டால் சிரிப்பார். காரணத்தைச் சொல்லாமலே போயும் சேர்ந்துவிட்டார்.

இப்போது அந்தப் பெயருக்கு அவசரமாக ஓர் அர்த்தம் தேவைப்பட்டது. கண்டெய்னர்களின் உட்புறத்தைக் கழுவுகிற நேபாளத்துத் தொழிலாளர்கள் ஐந்தாவதாகச் சேரக் கேட்கிறார்கள். அவர்களுக்காகப் பேச வருகிறவன் பிஷ்ணு. உறுப்பினர் அல்லாதவர் உள்ளே வரக் கூடாது என்பதால், கூட்டம் முடியும்வரை செருப்பைக் கழற்றிவிட்டு வாசலிலேயே நிற்பான். மாணிக்கம் அண்ணனுக்கு அவர்களைச் சேர்ப்பதில் விருப்பமில்லை. பாடு என்பது பரம்பரையாக வருவது, வெளியாளுக்குக் கிடையாது, ஏழுமலையே சொல்லியிருக்கிறார் என்பது அவர் வாதம். சொன்னாரா இல்லையா என்று யாருக்கும் நினைவில்லை. பாடுபடுகிறவர்களின் இயக்கம் என்பதால் வந்த பெயர் என்று பின்னால் சேர்ந்த சிலர் சொன்னார்கள். ஒரு தம்பி, பாட்டுப் பாடுவது என்று நினைத்து ஒலிவாங்கி படத்தோடு சின்னமே வரைந்துவிட்டான்.

மாமன் மகள் கஸ்தூரியின் வீட்டுக் கிரகப்பிரவேசத்துக்கு நான் சென்னைக்குப் போகிறேன் என்று தெரிந்ததும் வேலை என் தலையில் விழுந்தது. ஏழுமலை அண்ணனின் அப்பா பிறந்த குப்பம் காத்திவாக்கத்தை ஒட்டி இருக்கிறது. அங்கே போய்ப் பெயரின் பிறப்பைக் கேட்டு ஒரு பக்கம் எழுதி வர வேண்டும். அதைச் சட்டவிதிகளின் முகப்பில் போட்டு, அதன்படியே நேபாளத்தார் விஷயத்தை முடிப்பார்களாம். நான் திரும்பியதும் தலைமை என்னிடமிருந்து லாரிக்காரர்கள் சங்கத்துக்குப் போகிறது. அதாவது மாணிக்கம் அண்ணனுக்கு.

கிரகப்பிரவேசத்தில் பால் பொங்கியது, எனக்கு முழங்கால் வலித்தது, பாயசம் நன்றாக இருந்தது. சாயங்காலம் கஸ்தூரி என்னை பீச் ஸ்டேஷன் பக்கம் அத்தோ சாப்பிட இழுத்துப்போனாள். பர்மாவிலிருந்து திரும்பி வந்தவர்கள் கொண்டுவந்த நூடுல்ஸ். பொரித்த வெங்காயம், புளித்தண்ணீர், கையால் பிசைந்து போடுகிறார்கள். கூடவே வாழைத்தண்டு சூப். எங்கள் ஊர் மீ கோரெங்குக்குப் பெரியம்மா மகள் உறவு என்று சொல்லலாம். ஒரு கவளத்தில் நான் வீட்டுக்குப் போய்விட்டு வந்தேன். கடைக்காரரிடம், நானும் கடல் தாண்டி வந்தவள்தான் என்றேன். "அப்டியா? அப்போ காரம் தாங்குவ" என்று இன்னொரு கரண்டி மிளகாய்த்தூளைத் தூவிவிட்டார். நான் தாங்கவில்லை.

மறுநாள் காலை எண்ணூருக்கு ஷேர் ஆட்டோ பிடித்தேன். திருவொற்றியூர் தாண்டும்வரை எல்லாம் சரியாகப் போனது. எர்ணாவூர் பக்கத்தில் துறைமுகத்துக்குப் போகும் கண்டெய்னர் லாரிகள் வரிசைகட்டி நின்றுவிட, நாங்கள் இரண்டு லாரிகளுக்கு நடுவே மாட்டிக்கொண்டோம். ஒரு பெட்டியின் கதவில், நான் தினமும் ரசீது போடுகிற கம்பெனியின் அதே நிறம், அதே எழுத்து. இவ்வளவு தூரம் வந்தும் அதே கண்டெய்னரின் பின்பக்கத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேனே என்று சிரிப்பு வந்தது.

"இன்னாமா சிரிக்கிற? வயிறு எரியலியா?" என்றார் ஓட்டுநர்.

எங்கள் ஊரிலும் இப்படித்தான் என்றேன்.

"அப்போ இன்னாத்துக்கு இங்க வந்த?" என்று அவர் உண்மையாகவே ஆச்சரியப்பட்டார். கடைசியில் லாரி நகராமல், நான்தான் இறங்கி நடந்தேன்.

குப்பத்தில் ஊர்த் தலைவர் எத்திராஜைக் காட்டினார்கள். அறுபதைத் தாண்டியவர், பனியன் மேல் துண்டு. கோயிலுக்கு எதிரே வலைகளைக் குவித்து வைத்திருந்த கொட்டகையில் உட்கார்ந்து அறுந்த கண்ணியைக் கோத்துக்கொண்டிருந்தார். ஏழுமலை அண்ணனின் அப்பா பெயரைச் சொன்னதும், "அட, மலேயாக்கு போனாரே, அவரா" என்று ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைத் துடைத்துப் போட்டார். பாடு என்றால் என்ன என்று கேட்டேன். ஊசியைக் கீழே வைத்தார்.

"ஆத்துல நல்லா ஓடுற தண்ணி அல்லா எடத்துலயும் கெடையாதுமா. ஓட்டம் கீற எடத்துல வலைய கட்டுனாதான் எறா வுழும். முன்ன அந்த மாரி எடம் நெறைய இருந்திச்சி. பவர் ஹவுஸ் சாம்பல் வந்து மேடாயி, இப்போ ஒரே எடம்தான். மூணு குப்பமும் அதுலதான் வாழணும். அல்லாரும் ஒண்ணா வலைய எறக்கினா ஒருத்தனுக்கும் ஒண்ணியும் தேறாது. அதான் பாடு. இன்னிக்கு ஒரு வூடு, நாளிக்கு ஒரு வூடு. மூணு குப்பமும் சுத்தி வரும்."

பாடு என்றால் முறை. அவ்வளவுதான். ஒற்றுமை என்றால் எல்லோரும் ஒரே நேரத்தில் தோளோடு தோள் நிற்பது என்றுதான் மேடைகளில் கேட்டிருக்கிறேன். இங்கே ஒற்றுமை என்பது, தனக்குப் பசித்தாலும் இன்றைக்குத் தண்ணீரில் இறங்காமல் கரையில் உட்கார்ந்திருப்பது. எழுதிக்கொள்ள வேண்டிய விஷயம்தான் என்று நினைத்தேன்.

"வலை அவங்கவங்களுது. கயிறு மட்டும் பொது" என்று அவர் தொடர்ந்தார். ஆற்றில் நட்டிருக்கும் இரண்டு கழிகளுக்கு நடுவே ஒரு தடித்த கயிற்றைக் கட்டி, அதில்தான் வலையை மாட்டுகிறார்கள். "தண்ணி வத்துனதும் வலைய தூக்கி, கயித்த அவுத்து, அடுத்த பாட்டுக்காரன் கையில குடுக்கணும். கொம்புல சுத்தி வுட்டுட்டு போவக்கூடாது. கீய கெடந்தா எட்துக்கக்கூடாது. கையில குடுத்தாதான் வாங்கணும்."

என் மடியில் இருந்த கைப்பையை இறுகப் பிடித்துக்கொண்டேன். கண் கலங்கிவிட்டது. ஏழுமலை அண்ணன் சிரித்த சிரிப்புக்கு அர்த்தம் இந்த ஆற்றில் கிடந்திருக்கிறது.

"பிடுங்கிக்கிட்டா?"

"புடுங்கினவனுக்கு அதோட பாடு கெடையாது. அவன் புள்ளைக்கும் கெடையாது. அதான் எங்க அப்பா காலத்துலேந்து இங்க கயித்துக்கு சண்ட வந்ததில்ல."

கடைசியாக, நான் கேட்க வந்த கேள்வியைக் கேட்டேன். வெளியாள் வந்து கேட்டால் பாடு உண்டா?

"கெடையாது. இந்த ஊர்ல பொறந்து, கண்ணாலம் கட்டி, ஊர் வேலைக்கு நிக்கிற ஆம்பளைக்குதான் பாடு. அவ்ளோதான்."

அங்கேயே மாணிக்கம் அண்ணனுக்குச் செய்தி அனுப்பினேன். கட்டைவிரலை உயர்த்திய படம் உடனே திரும்பி வந்தது. அதன் பின்னாலேயே, "அப்படியே எழுதிடுங்க." வந்த வேலை இவ்வளவு சீக்கிரம் முடியும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. முடிந்ததில் எனக்குச் சந்தோஷமும் இல்லை. வாசலில் கிடக்கும் பிஷ்ணுவின் செருப்பு ஞாபகம் வந்தது.

கொட்டகை ஓரத்தில் ஒரு பெண் குத்துக்காலிட்டு இறால்களைப் பெரிது சிறிதாகப் பிரித்துக்கொண்டிருந்தாள். நாற்பதைத் தாண்டியவள். தலையை நிமிர்த்தாமலே கேட்டாள்.

"யக்கா, அல்லாத்தையும் கேட்ட. செத்தவனுக்கு பாடு கீதான்னு கேட்டியா?"

எத்திராஜ் கண்ணியைக் கோக்கத் தொடங்கிவிட்டார். பிறகு அவரே மெதுவாகச் சொன்னார். ஒருவர் இறந்துபோனால், அவர் முறை இன்னும் ஒரு தடவை வரும். ஊர் ஆண்கள் அவருக்காக வலை போடுவார்கள். பிடிபட்டதெல்லாம் அந்த வீட்டுக்கு. வீட்டுக்காரி கயிற்றை வாங்கி, அடுத்தவர் கையில் கொடுத்துவிடுவாள். அதோடு பெயர் வரிசையிலிருந்து போய்விடும். மகன் இருந்தால் கல்யாணம் ஆனதும் அவன் பெயர் வரும். இவள் கன்னியம்மா. கணவர் தேசிங்கு மாரடைப்பில் போய்ச் சில மாதங்கள் ஆகின்றன. இவர்களுக்கு ஒரே மகள்.

"நாளிக்கு தேசிங்கு பாடு" என்றார் எத்திராஜ், அந்த மனிதர் எங்கேயோ வெளியூர் போயிருப்பதைப் போல.

கன்னியம்மா என்னை வீட்டுக்குக் கூட்டிப்போனாள். பசியாறிவிட்டேன் என்று சொன்னதை அவள் காதில் வாங்கவில்லை. எங்கள் ஊர்ச் சொல் அவளுக்குப் புரிந்திருக்காது என்று நினைத்து, "காலையிலேயே சாப்பிட்டுட்டேன்லா" என்றேன். "நாஷ்டா துன்னது எப்பவோ செரிச்சிருக்கும், குந்து" என்று தட்டை வைத்தாள். சுடுசோறும் எறா தொக்கும். கிள்ளானில் இறாலுக்குச் சர்க்கரை போட்டுக் கெடுத்துவிடுகிறோம் என்று அன்றுதான் தெரிந்துகொண்டேன். இரண்டாம் தடவை நானே கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.

சுவரில் தேசிங்கு மாலையோடு இருந்தார். "அவருக்கு தோள் போயி ரெண்டு வருஷமாச்சி" என்றாள். "அவரு கரையில குந்திகினு இருப்பாரு. தண்ணில எறங்கினது, வலைய கட்டினது, தூக்கினது அல்லாம் நான்தான். ஊரு பாத்துகினுதான் இருந்திச்சி. ஆனா பேரு அவுரு பேரு. இப்போ அவுரு போனதும் பேரும் போவுதாம்."

பெயர் போனால் என்ன செய்வாய் என்று கேட்டேன்.

"இன்னா செய்றது, பொம்பளைங்க அல்லாம் செய்றத செய்யணும். சேத்துல கையால தடவி எறா புடிக்கணும். தடவுனா இப்போ சாம்பல்தான் வருது. இல்லாங்காட்டி மணலியில எதுனா கம்பெனிக்கு பெருக்கி தொடைக்க போவணும்." தட்டில் இன்னும் கொஞ்சம் தொக்கு வைத்தாள். "சாம்பலுக்கு மறியல் பண்ணோமே, அன்னிக்கு பொம்பளைங்கள முன்னாடி குந்த வச்சானுங்க. என்னிய போலீஸ் வேன்ல ஏத்திகினு போனாங்க. அன்னிக்கு நான் இந்த ஊரு ஆளு. பாடுன்னா மட்டும் ஊரு ஆளு இல்லியா?"

நாளைக்கு வந்து பார் என்று மட்டும் சொன்னாள்.

லாரிகளுக்குப் பயந்து மறுநாள் ரயிலில் போனேன். ஜன்னலோரம் உட்கார்ந்து, பக்கத்தில் இருந்த பூக்காரம்மாளிடம் மலேசியாவில் முழம் போட்டு விற்பதில்லை என்று விளக்கிக்கொண்டே வந்ததில் காத்திவாக்கம் போய்விட்டது, எண்ணூரும் போய்விட்டது. அத்திப்பட்டில் இறக்கிவிட்டார்கள். எதிர் வண்டிக்குக் காத்திருந்து திரும்பி வந்து சேர்ந்தபோது ஆறு வற்றிக்கொண்டிருந்தது.

கரையில் கூட்டம். ஆண்கள் நாலைந்து பேர் மார்பளவு தண்ணீரில் நின்று தேசிங்குவின் வலையைப் பிடித்திருந்தார்கள். அவர்களோடு கன்னியம்மாவும் நின்றாள், புடவை மேல் புருஷனின் பழைய முழுக்கைச் சட்டையை மாட்டிக்கொண்டு. அவள் இறங்கக் கூடாது என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள், அவள் கேட்கவில்லையாம். வலை தூக்கியபோது இறால் நன்றாகவே விழுந்திருந்தது. கரையில் நின்றவர்கள், தேசிங்கு நல்ல மனுஷன், கடைசியாகவும் குறை வைக்கவில்லை என்று பேசிக்கொண்டார்கள்.

எத்திராஜ் கயிற்றை அவிழ்த்துச் சுருட்டிக் கன்னியம்மாவின் கையில் கொடுத்தார். அடுத்த முறை பக்கத்துக் குப்பத்து மாசிலாமணிக்கு. அவர் முழங்கால் தண்ணீரில் நின்று இரண்டு கைகளையும் நீட்டினார்.

கன்னியம்மா கயிற்றைத் தோளில் மாட்டிக்கொண்டு, அவரைத் தாண்டிக் கரையேறினாள்.

"இன்னாமே, கயிறு?" என்றார் மாசிலாமணி.

"எங்க வூட்டு பாடு இன்னும் முடியல நைனா. முடிஞ்சா குடுக்கறேன்."

நடந்து போய்த் தன் வீட்டு வாசல் நிலையில் கயிற்றைக் கட்டிவிட்டு, ஈரச் சட்டையோடு படியில் உட்கார்ந்தாள். என்ன நடந்தது என்று எல்லோருக்கும் மெதுவாகத்தான் விளங்கியது. கயிறு கைக்கு வராமல் மாசிலாமணி வலை போட முடியாது. அவர் போடாமல் அதற்கடுத்தவர் போட முடியாது. பிடுங்கினால் பிடுங்கியவருக்குப் பாடு போய்விடும். மூன்று குப்பமும் ஒரு செத்த மனிதனின் நாளில் நின்றுவிட்டது.

கடையில் வேறு கயிறு வாங்கிக் கட்டிக்கொள்ளலாமே என்று எத்திராஜிடம் கேட்டேன். எங்கள் நகல் சாவி விவகாரம் மனதில் இருந்தது.

"கயிறு கடையில கெடைக்கும்மா" என்றார் அவர். "குடுக்கற கை எந்த கடையில விக்கிறான்?"

மறுநாள் யாரும் வலை போடவில்லை. அதற்கடுத்த நாளும் போடவில்லை. அமாவாசையை ஒட்டிய நாட்கள். வருகிற இறால் எல்லாம் இந்த நாட்களில்தான் வரும் என்றார்கள். நல்ல ஓட்டம் வீணாகப் போவதைப் பார்த்துக்கொண்டு ஆண்கள் கரையில் பீடி குடித்தார்கள். தேநீர்க் கடையில் ஒருவர், "ஒரு பொம்பள மூணு ஊர கட்டி போட்டுட்டா, பேஜாரா பூட்ச்சி" என்று சொல்ல, இன்னொருவர், "கட்டினது அவ இல்ல மாமு, நம்ப கயிறுதான்" என்றார். கன்னியம்மாவின் படியில் வேறு சில பெண்களும் வந்து உட்கார்ந்தார்கள். முன்பெல்லாம் கணவரின் கடைசிக் கயிற்றை வாங்கி மறு பேச்சில்லாமல் கொடுத்துவிட்டு வந்தவர்கள். அவர்கள் கோஷம் எதுவும் போடவில்லை. ஒருத்தி கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். நானும் போய் அந்தப் படியில் உட்கார்ந்தேன். பயணி என்பவள் பார்த்துவிட்டு வர வேண்டியவள்தான், பங்கு எடுக்கக் கூடாது. ஆனாலும் உட்கார்ந்தேன்.

சாயங்காலம் மூன்று குப்பத்துத் தலைவர்களும் கோயில் முன்னால் கூடினார்கள். எத்திராஜ்தான் பேசினார். குரலில் கோபத்தை விடப் பயம் அதிகம் இருந்தது.

"இன்னிக்கு இவளுக்கு குடுத்தா, நாளிக்கு அல்லா வூட்லேந்தும் வருவாங்க. பாடு சுத்தி வரதுக்குள்ள வயிறு காஞ்சிடும். கட்டுப்பாடுன்னு ஒண்ணு கீது."

"கட்டுப்பாட்ட நான் மீறலியே நைனா" என்றாள் கன்னியம்மா. "கையில குடுத்தாதான் வாங்கணும். நான் குடுக்கல. அவ்ளோதான். புடுங்கணும்னா புடுங்கிக்கோங்கோ."

யாரும் எழுந்திருக்கவில்லை. வயதானவர்கள் தரையைப் பார்த்தார்கள். கடைசியில் மாசிலாமணிதான் வாயைத் திறந்தார். அவருக்கு நியாயம் முக்கியமா, அமாவாசை முக்கியமா என்று என்னால் சொல்ல முடியாது.

"ரெண்டு நாளா கைய நீட்டிகினு நிக்கறேன். ரெண்டு வருஷமா அவதான் எறங்குறா, நமக்கு தெரியாதா இன்னா? தெரிஞ்சிகினே தெரியாத மாரி இருந்தோம். இப்போ பேரு போடறதுல இன்னா வந்துச்சி? போட்டுட்டு போங்கப்பா."

அதற்குப் பிறகும் நெடுநேரம் பேசினார்கள். தண்ணீரில் தானே இறங்குகிற பெண்ணுக்கு மட்டும் பாடு. ஆள் வைத்துப் போடக் கூடாது. ஊர் வேலைக்கும் நிற்க வேண்டும். இப்படி முடிந்தது. தேசிங்கு வீடு என்று பெயர் இருக்கட்டும் என்றார் எத்திராஜ்.

"வூடா எறங்குது ஆத்துல?" என்று கேட்டாள் கன்னியம்மா.

கன்னியம்மா என்றே சொல்லி, மூன்று தலைவர்களும் தலையசைத்தார்கள். அவள் வீட்டுக்குப் போய்க் கயிற்றை அவிழ்த்துக்கொண்டு வந்து, மாசிலாமணியின் இரண்டு கைகளிலும் வைத்தாள். படியில் உட்கார்ந்திருந்த ஒரு பெண் அழுதாள். அவள் எதற்காக அழுகிறாள் என்று எல்லோருக்கும் தெரிந்திருந்ததால் யாரும் கேட்கவில்லை.

நான் கிளம்பும்போது எத்திராஜ் கூடவே தெருமுனை வரை நடந்து வந்தார். "அன்னிக்கு நான் சொன்னத எழுதிட்டியாமா?"

"எழுதி அனுப்பியே விட்டுட்டேன்."

"ஆம்பளைக்குதான்னு சொன்னேனே, அத மட்டும் அடிச்சிடு."

வெளியாள் கதை என்ன ஆயிற்று என்று கேட்டேன். அவர் ஆற்றின் அக்கரையைப் பார்த்தார். எர்ணாவூர்ப் பக்கத்து மறுகுடியிருப்புகளிலிருந்து வந்தவர்கள் அங்கே சேற்றில் குனிந்து கையால் இறால் தடவிக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்குப் பாடு இல்லை.

"அத்த நாங்கோ இன்னும் பேசல" என்றார். "யாரும் கயித்த புடிச்சிகினு குந்தல."

ஷேர் ஆட்டோவில் திரும்பும்போது இதைத்தான் யோசித்துக்கொண்டு வந்தேன். பெயரின் பிறப்பைத் தேடிப் போனால் அதில் நமக்கு வேண்டிய தீர்ப்பு தயாராக இருக்கும் என்று மாணிக்கம் அண்ணனும் நம்பினார், நானும் நம்பினேன். அந்தச் சொல் ஒருவருக்கும் தீர்ப்புச் சொல்லவில்லை. யாருக்குப் பாடு என்பதை அந்தந்தக் காலத்தில் கரையில் நின்றவர்கள் முடிவு செய்திருக்கிறார்கள். சில சமயம் யாராவது ஒருத்தி அதை மாற்றியிருக்கிறாள். பிஷ்ணுவைச் சேர்த்துக்கொள் என்று பாடு சொல்லவில்லை. சேர்க்காதே என்றும் சொல்லவில்லை. அந்தச் சொல்லின் பின்னால் நான் இனி ஒளிந்துகொள்ள முடியாது, அவ்வளவுதான்.

கிள்ளானுக்குத் திரும்பினேன். நான் இல்லாத நாட்களில் கூட்டங்கள் எதிர்க்கடையிலேயே நடந்துகொண்டிருந்தன. தலைமை மாறும் கூட்டமும் அங்கேதான். எழுதி வந்த பக்கத்தைப் படித்தேன். முறை, கயிறு, கை, கன்னியம்மா எல்லாம் அதில் இருந்தது. சிலர் கைதட்டினார்கள். மாணிக்கம் அண்ணன் தொண்டையைச் செருமிக்கொண்டு, "நல்ல கதை. ஆனா வெளியாளுக்குப் பாடு இல்லைன்னு அதுலேயே இருக்கு பாருங்க" என்றார். இருக்கிறது என்று ஒப்புக்கொண்டேன். பிறகு அவர் சாவிக்காகக் கையை நீட்டினார்.

நான் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டேன். "அஞ்சாவது சங்கத்தோட பேரை எழுதிட்டு வாங்கிக்குங்க அண்ணே."

"என்னம்மா இது, விளையாட்டா?"

"பிடுங்கிக்கலாம். பிடுங்கினா என்ன ஆகும்னு இப்பதான் படிச்சேன்."

அவர் நல்ல மனிதர். ஏழுமலை அண்ணனின் சவப்பெட்டியை முன்னால் நின்று தூக்கியவர். கையை மெதுவாக மடக்கிக்கொண்டு, ஒரு தே சொல்லுங்க என்று உட்கார்ந்துவிட்டார். அன்றைக்கு முடிவு எதுவும் எடுக்கவில்லை. அடுத்த கூட்டத்திலும் எடுக்கவில்லை. என் சங்கத்துக்காரர்களே என்மேல் கோபமாக இருக்கிறார்கள். இதை எழுதும்போதும் சாவி என்னிடம்தான் இருக்கிறது, அலுவலகம் பூட்டியேதான் கிடக்கிறது.

ஆகவே எல்லாக் கூட்டமும் தேநீர்க் கடையில்தான் நடக்கிறது. கடைக்கு யார் வேண்டுமானாலும் வரலாம். போன கூட்டத்தில் பிஷ்ணு வந்து, நிற்பதா உட்காருவதா என்று தயங்கினான். மாணிக்கம் அண்ணன் பேச்சை நிறுத்தாமலே காலால் ஒரு நாற்காலியை அவன் பக்கம் தள்ளிவிட்டார். பிஷ்ணு செருப்போடு வந்து உட்கார்ந்தான்.